கடல் தண்ணி பட்ட வண்டி

குமரா,

வர்ற ஞாயித்துக்கிழமை வளைகாப்பு முடிஞ்சதும் ரேவதிய நம்ம பெரிய வண்டியில ஏத்திக்கிட்டு காரைக்காலுக்கு அவங்க அம்மா வீட்டுல விடப்போறதா உங்கம்மாகிட்ட போன்ல சொல்லியிருக்க. அந்த வண்டிய நீ எடுக்கக் கூடாது. மொதல்ல இத எழுதிடறேன். மிச்சத்த முழுசா எழுதற தைரியம் எனக்கு இருக்குமான்னு தெரியல. பாதியிலயே நிறுத்திட்டு கவர ஒட்டிட்டாலும் இந்த ஒரு வரி உன் கையில இருக்கணும்.

இத போன்லயே சொல்லலாமேன்னு நீ கேப்ப. இந்த ரெண்டு மூணு நாள்ல மூணு தடவ உனக்குப் போன் பண்ணேன். மூணு தடவையும் மெட்ராஸ்ல மழையா, சாப்ட்டியா, ரேவதிக்கு கால் வீக்கம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்"னு குடுத்துட்டேன். என் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. அதோட நேர்ல சொன்னா நீ சிரிப்ப. நான் முப்பதுக்கு மேல ஓட்ட மாட்டேன், எறும்புக்கு வழி விட்டு ஓட்டுறேன்னு நீ எத்தனை வருஷமா கிண்டல் பண்ற. உன் கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்லி சிரிச்சிருக்க. நானும் கூட சேந்து சிரிச்சேன். எனக்குப் பயம்டா. பத்து வருஷமா அந்த ஸ்டியரிங்க புடிக்கறப்பல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும், வேட்டியில தொடச்சிக்குவேன். ஏன்னு யாருக்கும் தெரியாது. இப்ப உனக்கு சொல்றேன்.

அந்த வண்டி வீட்டுக்கு வந்தப்போ நீ எட்டாவது படிச்ச. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குன ஒரு சொல்தா வீட்டுக்கு நான் வருஷக்கணக்கா மீன் போட்டுக்கிட்டு இருந்தேன், அது உனக்கு ஞாபகம் இருக்கும். வாசல் பக்கம் இல்ல, பின்பக்கம் சமையல்கட்டு வழியாத்தான் எப்பவும் போவேன். அவர் குடும்பத்தோட பிரான்ஸுக்கே போயிடறதுன்னு முடிவு பண்ணப்போ, இந்த பச்சைக் கலர் வண்டிய யாருக்கோ குடுக்கறதுக்கு பதிலா நீயே எடுத்துக்கன்னு சொன்னாரு. அன்னிக்குத்தான் மொத மொத அந்த வீட்டு முன்வாசல் வழியா வெளிய வந்தேன், அதுவும் ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு. ஏற்கனவே பழைய வண்டிதான். ஆனா தோல் சீட்டு, முன்னாடி மரப்பலகை, கதவ சாத்துனா வெளிய ஆட்டோ சத்தம்கூட கேக்காது. குருசுக்குப்பத்துல தெருவே கூடி நின்னுச்சு. "கப்பல் வந்துடுச்சு"ன்னு பேரு வெச்சது எதிர்வீட்டுக்காரன். உங்கம்மா செருப்ப வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு ஏறுனா. கோயில் வாசல்ல எறங்கறப்போதான் கால்ல செருப்பு இல்லன்னு பாத்தா, அன்னிக்கு முழுக்க வெறுங்கால்லயே நடந்தா. அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் சிரிப்பு வரும்.

ஒரு மீன்காரன் வண்டி மாதிரி அது வாசன அடிக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு வெறி. பெரிய மார்க்கெட்டுல இருந்து வந்தா ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சு, சட்டைய மாத்திட்டுத்தான் உள்ள உக்காருவேன். ஒரு தடவ நீ டிக்கியில சின்னதா ஒரு கருவாட்டுப் பொட்டலத்த வெச்சதுக்கு உன்ன அடிச்சேன். நீ அழுதுகிட்டே ஆயா வீட்டுக்கு ஓடிட்ட. அதுக்கு நான் இதுவரைக்கும் வருத்தம் சொன்னதில்ல, இப்ப சொல்றேன். கருவாடு அந்த வண்டிய ஒண்ணும் பண்ணல. நான் பண்ணதுதான் பண்ணுச்சு.

புதுப் படகு வந்தா நம்ம என்ன பண்ணுவோம்னு உனக்குத் தெரியும். மஞ்சக் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி, அப்புறம் கடல் தண்ணிய அள்ளித் தெளிப்போம். எனக்கு அந்த வண்டி படகுதான். நம்ம குப்பத்துல யாரும் கார் வெச்சிருக்கல, அதுக்கு என்ன முறைன்னு சொல்ல ஆளில்ல. அதனால படகுக்குச் செய்யறதையே செஞ்சேன். தெளிச்சதோட விட்டிருந்தாக்கூட பரவாயில்ல. குடம் குடமா கடல் தண்ணி எடுத்துட்டு வந்து நாலு சக்கரத்துக்கும் ஊத்துனேன், குனிஞ்சு அடியிலயும் வீசி வீசி ஊத்துனேன். மாசிமகத்துக்கு மட்டும் இல்ல, ஒவ்வொரு அமாவாசைக்கும். ஊத்துனா மூணு நாளைக்கு நல்ல தண்ணி படக்கூடாதுன்னு நானே ஒரு கட்டுப்பாடு வேற வெச்சிருந்தேன், கழுவுனா கடலம்மா குடுத்தது போயிடும்னு. நீயும் குடம் தூக்கியிருக்க. ஆறு வருஷம்டா. கடல் தண்ணி இரும்ப என்ன பண்ணும்னு தெரியாதவனா நான்? எத்தனை நங்கூரத்த என் கையால தூக்கிப் போட்டிருக்கேன், எத்தனை ஆணி துருப்புடிச்சு உதுந்து போறத பாத்திருக்கேன். ஆனா இது சாமி காரியம், இதுக்கு அந்தக் கணக்கு கெடையாதுன்னு எனக்குள்ள ஒரு முட்டாள்தனம்.

இன்னொண்ணும் உண்டு. பழைய பெரிய வண்டிய வெச்சிருக்கறவனுக்கு ஸ்டியரிங்குக்கு முன்னாடி இருக்கற பலகையில தெனமும் ஏதாவது ஒரு லைட்டு எரியும். இன்னிக்கு ஒண்ணு எரியும், நாளைக்கு அதுவா அணைஞ்சிடும், அடுத்த நாள் வேற ஒண்ணு. மொதல்ல பதறிக்கிட்டு மெக்கானிக் அந்துவான்கிட்ட ஓடுவேன். அவன் பாத்துட்டு இதுக்கெல்லாம் பயப்படாதேம்பான். அப்புறம் எனக்கே பழகிடுச்சு. ஒரு செவப்பு லைட்டு மட்டும் அடிக்கடி வந்து வந்து போச்சு. கண்ண உறுத்துதுன்னு அது மேல சின்னதா ஒரு அம்மன் ஸ்டிக்கர ஒட்டுனேன். லைட்டு எரியறப்போ அம்மன் முகம் செவந்து தெரியும். உங்கம்மா அதப் பாத்து கையெடுத்துக் கும்பிடுவா. நானும் கும்பிட்டிருக்கேன். அது பிரேக் லைட்டு.

நீ காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிச்சப்போ, கடலூர்ல என் தங்கச்சி மக மஞ்சள் நீராட்டுக்கு நானும் உங்கம்மாவும் போயிட்டு வந்தோமே, அந்த நாளு. நீ பரிச்சைன்னு வரல. அதுக்கு நான் இன்னி வரைக்கும் சாமிக்கு நன்றி சொல்றேன். விருந்து முடிஞ்சு பட்டப்பகல்ல கெளம்புனோம். கெளம்புனதுல இருந்து உங்கம்மா ஏதோ சொல்லிக்கிட்டே வந்தா. தங்கச்சி வீட்டுல சீர்வரிசைத் தட்டு வெக்கறதுல அவளுக்கு ஒரு மனக்குற அன்னிக்கு. அதத்தான் பேசறான்னு எனக்கு எரிச்சல். சும்மா வான்னு கத்திட்டு ரேடியோவ சத்தமா வெச்சேன். அரியாங்குப்பம் தாண்டி பாலத்து மேல ஏறி எறங்கறப்போ முன்னாடி பஸ்ஸு நின்னுச்சு. பிரேக்க மிதிச்சேன். பெடல் அப்படியே தரைக்குப் போயிடுச்சு. காலுக்கு கீழ ஒண்ணுமே இல்ல. அம்மன் முகம் மட்டும் செவப்பா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பஸ்ஸோட பின்பக்க ஜன்னல்ல ஒரு கொழந்த எங்களப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, அது முகம் இப்பவும் கண்ணுல நிக்குது. ஹேண்ட் பிரேக்க இழுத்து, இடது பக்கம் ஒடிச்சு, கைப்பிடிச் சுவத்துல உரசி உரசி நிறுத்துனேன். உங்கம்மா கைய முன்னாடி நீட்டியிருந்தா. அந்த மரப்பலகையில போய் மணிக்கட்டு அடிச்சுச்சு.

அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்? அவளப் புடிச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன்னா, கை மடங்கித் தொங்க உக்காந்திருந்தவளப் பாத்து, "வாய மூடிக்கிட்டு வந்திருந்தா இது நடந்திருக்குமா?"ன்னு கத்துனேன். பயத்துல வந்த வார்த்த. எனக்குப் பயம் வந்தா கோவமாத்தான் வெளிய வரும், அது உனக்கும் கொஞ்சம் இருக்கு, பாத்துக்க. ஆஸ்பத்திரியில டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டப்போ நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி உங்கம்மாவே சொன்னா, நான்தான் பேசிக்கிட்டே வந்தேன் சார், அவருக்கு கவனம் செதறிடுச்சுன்னு. நான் தலைய ஆட்டுனேன். அவ்வளவுதான், அதுவே உண்மையா ஆயிடுச்சு. தெருவுக்கும் அதான், சொந்தத்துக்கும் அதான், உனக்கும் அதான். அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அந்த வண்டியில ஏறுனா உங்கம்மா வாயத் தொறக்கறதில்ல. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு வருவா. ஈரத்துணி பிழிய முடியாது அவளால, அந்தக் கை திரும்பாது. உன் கல்யாணத்துக்கு அப்புறம் நீ ரேவதிகிட்ட சொன்ன, "அப்பா ஓட்டறப்போ பேசாத, அம்மாவுக்கு கை போனது அப்படித்தான்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. உங்கம்மாவும் சிரிச்சா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன், யாரும் கவனிக்கல.

வண்டிய அந்துவான் தூக்கிப் பாத்தான். பின்சக்கரத்துக்குப் போற பிரேக் பைப்பு துருப்புடிச்சு ஓட்ட விழுந்து ஆயில் பூரா கசிஞ்சிருக்குன்னான். இந்த மாதிரி வண்டியில பிரேக்கு ரெண்டு வழியா போகும், இன்னொரு வழி கொஞ்சம் புடிச்சதாலதான் நீங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கீங்கன்னு சொன்னான். நம்ம ஊர் காத்துல உப்பு இருக்கு, ஆனா இப்படித் தின்னு நான் பாத்ததில்லையே, வண்டிய எங்க வெச்சிருந்தன்னு கேட்டான். குடத்த பத்தி நான் வாயத் தொறக்கல. வெக்கம். அவன் மத்த பைப்பையும் மாத்தணும், பொருள் வெளியூர்லேர்ந்து வரணும், பதினஞ்சு நாள் வண்டி இங்கயே நிக்கட்டும்னான். அந்த வாரம் சங்கத் தலைவர் வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ள ஊர்வலத்துக்கு நம்ம கப்பல்தான்னு ஊர் பூரா சொல்லியாச்சு. போன பைப்ப மட்டும் மாத்திக் குடு, கல்யாணம் முடிஞ்சதும் கொண்டாந்து விடறேன்னு எடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் கொண்டு போகவே இல்ல. கொண்டு போனா மறுபடியும் கேப்பான், எங்க வெச்சிருந்தன்னு. அவன் ஷெட்டு இருக்கற தெருவ விட்டுட்டு சுத்திப் போக ஆரம்பிச்சேன். கடல் தண்ணி ஊத்தறத நிறுத்திட்டேன். உங்கம்மா ஏன்னு கேட்டதுக்கு வயசாயிடுச்சு, குடம் தூக்க முடியலன்னேன். மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாதுன்னு என்ன நானே ஏமாத்திக்கிட்டு பத்து வருஷத்த ஓட்டிட்டேன்.

இனிமே எழுதறதுதான் கஷ்டம். கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் நீ ரேவதிய கூட்டிக்கிட்டு அந்த வண்டியில மகாபலிபுரம் போயிட்டு வந்தியே. சாவிய கேட்டப்போ என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன். பிரேக்கப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. புதுப் பொண்ணு நிக்குது, சம்பந்தி வீட்டு ஆளுங்க நிக்கறாங்க, கப்பலுக்குள்ள ஓட்ட இருக்குன்னு எப்படி சொல்றதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மெதுவாப் போப்பான்னு மட்டும் சொன்னேன். நீ ஹாரன் அடிச்சுட்டு தெருமுனையில திரும்புன. அன்னிக்கு நான் சாப்பிடல, மார்க்கெட்டுக்குப் போகல, கேட்டப் புடிச்சுக்கிட்டே நின்னேன். எந்த வண்டி சத்தம் கேட்டாலும் தெருமுனைய எட்டிப் பாத்தேன். நீ திரும்பி வந்து, "செம வண்டிப்பா, ஹைவேல நூத்திருபது போனேன்"ன்னு சொன்ன. நான் அங்கயே படியில உக்காந்துட்டேன். நீ வெயில்ல நின்னதாலன்னு நெனச்சு மோர் கொண்டாந்து குடுத்த. பெத்த புள்ளைய, அவன நம்பி வந்த பொண்ண, என் மானத்துக்காக அனுப்பி வெச்சவன் நான். இத நீ மன்னிக்கணும்னு கேக்கல. தெரிஞ்சுக்கணும்.

போன வெள்ளிக்கிழமை உங்கம்மா வந்து, புள்ள காரைக்காலுக்கு நம்ம வண்டியதான் எடுக்கறானாம், குலுங்காம போகும், மாசமா இருக்கற பொண்ணுக்கு நல்லதுன்னான், தொடச்சு வெக்கச் சொன்னான்னு சொன்னா. கடலூரு, செதம்பரம், சீர்காழி, அத்தன தூரம். ரெண்டு நாள் யோசிச்சுட்டு இன்னிக்கு காலையில அந்துவான் வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் வயசாயிடுச்சு, ஆனா ஷெட்ட இன்னும் மூடல. குடத்துலேர்ந்து ஆரம்பிச்சு அம்மன் ஸ்டிக்கர் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். அவன் உடனே நம்ம வீட்டுக்கு வந்து, என்ன வண்டிய ஓட்ட விடாம டிரக்கு வெச்சு இழுத்துட்டுப் போனான். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில டார்ச் அடிச்சு என்னக் குனிஞ்சு பாக்கச் சொன்னான். மத்த பைப்பு பூரா பழுப்பா பொரிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு வெரலால புடிச்சு லேசா ஒரு திருப்புதான் திருப்புனான். கையோட வந்துடுச்சு. ஆயில் அவன் மணிக்கட்டு வழியா வழிஞ்சுச்சு. அப்புறம்தான் என்னப் பாத்து கேட்டான்: "இத்தன நாளா இத யாரு யாரு ஓட்டுனீங்க?" என் புள்ளன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா.

அதனால வண்டி இப்ப சக்கரம் இல்லாம அந்துவான் ஷெட்டுல நாலு கட்ட மேல நிக்குது. நீ வந்து எடுக்கவும் முடியாது. ஞாயித்துக்கிழமைக்கு நல்ல டாக்ஸியா சொல்லிட்டேன். டிரைவர் தம்பிய நானே போய்ப் பாத்து, பிரேக்க மிதிச்சுக் காட்டச் சொல்லி, கீழ குனிஞ்சும் பாத்துட்டேன். அவன் என்ன ஒரு மாதிரியா பாத்தான், பாக்கட்டும். நீயும் ஒரு நாள் வண்டி வாங்குவ, பெரிசா பழசா வாங்கணும்னு உனக்கும் ஆச இருக்கு. வாங்கிக்க. ஆனா அது உன் மானம் இல்ல, வெறும் வண்டி. லைட்டு எரிஞ்சா மறைக்காத. ரேவதி பக்கத்துல உக்காந்து ஏதாவது சொன்னா, அது எதப் பத்தியா இருந்தாலும் ஓரமா நிறுத்திட்டுக் கேளு. எனக்கு மத்தவங்களுக்குப் புத்தி சொல்ற தகுதி இல்ல, இருந்தாலும் இத நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா.

இது வரைக்கும் எழுதிட்டு நிறுத்திட்டேன். உனக்கு எழுதிட்டு உங்கம்மாவுக்குச் சொல்லாம இருந்தா அது இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி. அவ அடுப்படியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல உக்காந்து மொதல் வரியில இருந்து படிச்சுக் காட்டுனேன். ரெண்டு எடத்துல எழுத்தே தெரியல. கத்துவா, எந்திரிச்சு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவான்னுதான் நெனச்சேன். அவ கீரைய கீழ வெக்கவே இல்ல. முடிச்சப்புறம் அந்தத் திரும்பாத கையப் பாத்தா.

அப்புறம் கேட்டா: "அன்னிக்கு நான் என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

சீர்வரிசைத் தட்டப் பத்திதானேன்னேன்.

"இல்ல. கடலூர்ல உன் தங்கச்சி வீட்டு வாசல்ல நம்ம வண்டி நின்ன எடத்துல சக்கரத்துக்குக் கீழ ஈரமா இருந்துச்சு. எண்ண மாதிரி. காலால தேச்சுப் பாத்தேன், வழுக்குச்சு. அதத்தான் மூணு தடவ சொன்னேன். நீ ரேடியோவ சத்தமா வெச்ச."

பத்து வருஷமா அவ பேசுனதுனாலதான் அது நடந்துச்சுன்னு ஊரே சொல்லிச்சு. அவளும் சொன்னா. நான் கேட்டிருந்தா நடந்திருக்காது. அவ அன்னிக்கு சொன்னத நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், எனக்கு ஒரு வார்த்தகூட ஞாபகத்துல இல்ல, பாட்டு மட்டும்தான் கேக்குது. ஏன் இத்தன நாள் இதச் சொல்லலன்னு கேட்டேன். "நீதான் வண்டியில பேசாதன்னுட்டியே"ன்னா. கோவமாக்கூட சொல்லல. எனக்கு அழுகை வந்துடுச்சு குமரா. அவ எந்திரிச்சுப் போய் கீரைய அலசுனா, ஒரு கையால.

ஞாயித்துக்கிழமை டாக்ஸியில அவளும் வர்றாளாம். முன்சீட்டு தனக்குத்தான் வேணும்னு சொல்லிட்டா, காரைக்கால் வரைக்கும் பேசிக்கிட்டே வரப்போறேன்னா. நீயும் ரேவதியும் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டு வாங்க.

இந்தக் கடுதாசி கெடச்சதும் போன் பண்ணு. நீ என்ன சொல்லுவன்னு எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா நான்தான் எடுப்பேன், அம்மாகிட்ட குடுக்க மாட்டேன்.

உன் அப்பா